ஆறு குண்டா, எட்டுக் குண்டா

"ஆறு குண்டு வேணுமா, எட்டுக் குண்டு வேணுமா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, கத்திரிக்கா வாங்குற மாதிரி இல்லை இது" என்று சொல்லிவிட்டு ராவுத்தர் பிளாஸ்க்கை எடுக்க உள்ளே போகிறார். கண்ணாடி மேசை மேல் ஒரு பச்சைத் துணி, துணி மேல் ரெண்டு சாமான். உருளை வைத்தது ரிவால்வராம், அதில் ஆறு. சப்பட்டையாக இருப்பது பிஸ்டலாம், அதில் எட்டு. ஒரு சாண் தள்ளித் தள்ளிப் படுத்திருக்கின்றன, சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி. அறுபத்திரண்டு வயதில் எனக்கு வந்து சேர்ந்த யோசனை இது. பட்டுச்சேலை எடுக்கப் போனால்கூட முதலில் விரித்ததைத் தொட்டுப் பார்த்து இதே போதும் என்று எழுந்துவிடுகிறவள் நான். இங்கே அரை மணியாய் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே சந்தில் சைக்கிள் கடை, பஞ்சர் ஒட்டுகிற வாசம் உள்ளே வரைக்கும் வருகிறது. இங்கே இருப்பது வேறு வாசம், தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய் மாதிரி. பக்கத்து நாற்காலியில் என் தம்பி சென்னியப்பன், லைசென்சுப் புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அதில் என் போட்டோ ஒட்டியிருக்கிறது, பாவாயி என்று என் பேர், கீழே என் ஊட்டுக்காரர் பேர், பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று ஒரு வார்த்தை. எதுக்காகத் துப்பாக்கி என்கிற இடத்தில் தற்காப்புக்கு என்று போட்டிருக்கிறார்களாம், சென்னிதான் படித்துச் சொன்னான். தற்காப்பு. வருகிற திங்கட்கிழமை நான் கோர்ட்டில் கூண்டேறி, அவரை வெட்டினது இன்னார் இன்னார் என்று கை நீட்டிக் காட்ட வேணும். கூண்டேறுகிற வரைக்கும் உயிரோடு இருக்க வேணும். அவ்வளவுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். இன்றைக்கு வியாழன். போன வாரம் பால் ஊற்றிவிட்டு வருகிறபோது ஒருத்தன் பைக்கை நிறுத்தி, மரியாதையாய்ச் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு, "ஆத்தா, திங்கக்கெழம வெயிலு ஜாஸ்தியா இருக்குமாம், ஊட்டுலயே இருந்துக்குங்" என்றான். "செரி சாமி" என்றேன். வேறென்ன சொல்ல. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகுதான் தூக்குப்போசியில் மிச்சமிருந்த பால் முழுக்க என் சேலை மேல் கொட்டியிருந்தது தெரிந்தது. நாலு நாளைக்கு ஆறு போதுமா, எட்டு வேணுமா.

ராவுத்தர் மூன்று டம்ளரில் தேத்தண்ணி ஊற்றுகிறார், இஞ்சி தூக்கலாய். அவருக்கும் என் வயசுதான் இருக்கும், கண்ணில் புரை விழுந்திருக்கிறது, துப்பாக்கி விற்கிறவர் எதிரில் இருக்கிறவளை மங்கலாய்த்தான் பார்க்கிறார் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிச்சுட்டீங்க, அப்ப எட்டுதான்" என்கிறார். "ஏனுங் பாய், எட்டுன்னா எட்டுப் பேருக்குங்களா?" "ஒருத்தனுக்கு ஒண்ணுன்னு கணக்குப் போடாதீங்கம்மா. நடுங்குற கையில மூணு போனா ஒண்ணு படும், அதுவும் கால்ல படும். இந்தக் கடையில நாப்பது வருஷமா ஆறா எட்டான்னு சண்டை போட்டு வாங்கிட்டுப் போனவங்கள்ல முக்காவாசிப் பேரு ஒண்ணுகூடச் சுடாம வயசாகிப் போய்ச் சேர்ந்தாங்க. நீங்களும் அப்படித்தான் போகணும்." நல்ல வாக்குத்தான். எடுத்துப் பாருங்கள் என்கிறார், காலிதான், காலி என்று நான் சொன்னாலும் நம்பாதீங்க, நீங்களே பாருங்க என்கிறார். பிஸ்டலை எடுத்தேன். எட்டுக் குண்டு அடியில் ஒரு பெட்டியில் அடுக்கு அடுக்காய் நிற்குமாம், மேல் மூடியைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் முதல் குண்டு ஏறும். இழுத்தேன். மஞ்சள் அரைத்து, மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கி, கணு கணுவாய் வீங்கிப்போன விரல். மூடி அசையவில்லை. கிணற்று மோட்டார் வால்வு இறுகிப்போனால் இப்படித்தான், அவர் வந்து ஒரே திருப்பில் திறப்பார், "தள்ளு பிள்ள" என்பார், அறுபதைத் தொட்டும் எனக்கு அந்தப் பிள்ள போகவில்லை. ரிவால்வரை எடுத்தேன். இழுக்க வேண்டியது ஒன்றும் இல்லை, விரலை அமுக்கினால் உருளை தானாய்த் திரும்பும். கனம் இருக்கிறது. இஞ்சி இடிக்கிற குழவியைக் கையில் பிடித்த மாதிரி. "இதை எங்கீங் வெச்சுட்டுப் போறது? சேலையில பையே இல்லீங்களே" என்றேன். ராவுத்தர் அலமாரியைத் திறந்து துழாவுகிறார். ஆம்பளைக்கு இடுப்பு பெல்ட் இருக்கிறது, பேண்டு இருக்கிறது, கோட்டு இருக்கிறது. சேலைக்கு என்று எவனும் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. கைப்பையில் வைத்தால் பையைப் பிடுங்குகிறவன் கையில் துப்பாக்கியும் போகும். கடைசியில் ஒரு துணிப்பட்டையை எடுத்துக் காட்டுகிறார், உள்பாவாடை நாடாவுக்கு மேல் கட்டி, இடது இடுப்பில் உறை வருகிற மாதிரி, முந்தானை மறைத்துக்கொள்ளும். கட்டிப் பார்த்தேன். இடது இடுப்பெலும்பு மேல் சில்லென்று வந்து உட்கார்ந்துகொண்டது, ஆள் மாதிரி. அந்த இடம் எனக்குத் தெரியும். எங்கம்மா போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பதினொன்று, சென்னிக்கு ஒன்றரை. இதே இடுப்பில்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடு ஓட்டினேன், சோறாக்கினேன், தூளி வேண்டாம் இடுப்புத்தான் வேணும் என்று அழுவான். அந்தப் பக்கம் எலும்பு கொஞ்சம் தேய்ந்தே போயிருக்கிறது, டாக்டரம்மா படம் பிடித்துச் சொன்னார்கள். "சரியா உக்காந்துடுச்சாக்கா?" என்று சென்னி கேட்கிறான். அவனுக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது, முன்தலை வழுக்கை. "உக்காந்துருச்சு" என்றேன்.

எட்டு வேண்டாம், எட்டு எதுக்கு, வந்ததே அஞ்சு பேர்தானே. இதைச் சொல்லிச் சொல்லி ரெண்டு வருஷத்தில் நாக்கில் காய்ப்புக் காய்த்துவிட்டது. ஸ்டேஷனில் சொன்னேன், பெரிய ஐயா வந்து கேட்டபோது சொன்னேன், வக்கீலிடம் சொன்னேன், டிவிக்காரப் பிள்ளை மைக்கை நீட்டினபோது சொன்னேன். அஞ்சு பேருங். வெட்டினவன் சிவப்புத் துண்டு கட்டியிருந்தான். ரெண்டாமவன் முன்பல் இல்லாதவன். அண்ணன் தம்பி ரெண்டு பேர், ஒரே முகவெட்டு. அஞ்சாமவன் சின்னப் பையன், மீசை முளைத்தும் முளைக்காமல், அவன்தான் வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்தான். காலை ஏழு மணி. அவர் மஞ்சக்காட்டில் வாய்க்கால் தண்ணிக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தார். குவாரிக்காரன் வெடி வைத்து வைத்து எங்கள் கிணறு பிளந்து, இருந்த தண்ணியும் கீழே இறங்கிவிட்டது என்று அவர் எழுதிப் போட்ட மனுவுக்கு அப்போதுதான் உயிர் வந்து, அதிகாரிகள் வந்து அளந்துவிட்டுப் போய் மூன்று நாள். நான் கம்மங்கூழ் கரைத்து எடுத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டில் வருகிறேன். சத்தமே இல்லை, அதுதான் இன்னமும் புரியவில்லை, ஒரு ஆளை வெட்டினால் ஊரே கேட்கிற மாதிரி சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். வாழை மரத்தைச் சாய்க்கிற மாதிரி ஒரு ஈரச் சத்தம், அவ்வளவுதான். தண்ணி பாட்டுக்குப் பாத்தியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் விழுந்த இடத்தில் மடை அடைபட்டு, தண்ணி சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனது. எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா, பக்கத்துப் பாத்தி காய்ந்துவிடுமே என்று தோன்றியது. இதை யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் ஓடினார்கள். ரோட்டில் மூன்று பைக் நின்றது. மூன்று பைக். ஒரு பைக்குக்கு ரெண்டு பேர் என்றால் மூன்று பைக்குக்கு எத்தனை பேர். எந்த அதிகாரியும் கேட்கவில்லை. வக்கீல் கேட்கவில்லை. ரெண்டு வருஷமாய் ஒருத்தர் கேட்கவில்லை, பைக் எத்தனை என்று கேட்டு எழுதினார்கள், ஆள் எத்தனை என்று கேட்டு எழுதினார்கள், ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நான்தான் படுத்தால் பார்க்கிறேன், எழுந்தால் பார்க்கிறேன். பைக்குகளுக்கு நடுவில், பூவரச மரத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தன் நின்றான். ஒற்றைக் காலில் நின்று, வலது குதிகாலால் இடது கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பயம் வந்தால் அப்படி நிற்கிறவன் உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான்.

பொய் சொன்னேனா நான்? அதுதான் எனக்குத் தெரியவில்லை, இந்தத் தேத்தண்ணி மேல் சத்தியமாய்த் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். விசேஷத்துக்கு எத்தனை இலை என்று சமையல்காரர் கேட்டால், வந்திருக்கிற ஒறம்பரையை, வெளி விருந்தாளிகளைத்தான் எண்ணிச் சொல்வோம். நம்ம ஆட்களை எண்ண மாட்டோம். பிறந்த வீட்டு ஆள், கூடப் பிறந்தவன், இவர்களை எண்ணிச் சொன்னால் ஆகாது, அவர்கள் கடைசிப் பந்தியில் இருக்கிறதைச் சாப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் கல்யாணத்தில் சென்னிக்கு எட்டு வயசு. இலை எண்ணினது நானும் எங்கள் சின்னம்மாவும். எண்ணாத ஆட்களே முப்பது பேர் என்று கடைசியில்தான் தெரிந்தது, சோறு போதவில்லை. இவன் பந்தலுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தான். மணவறையில் எனக்கு வைத்த இலையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவனுக்கு ஊட்டினேன், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். "பொண்ணு இப்பவே எலையத் தூக்குது, நம்ம ஊட்டுப் பாத்திரத்தையெல்லாம் எண்ணி வையிங்க" என்று நாத்தனார் முறையில் ஒரு நங்கை கேலி பேசினது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வாய்தான் இது. ஸ்டேஷனில் ரைட்டர் பேனாவை வைத்துக்கொண்டு, "மொத்தம் எத்தனை பேரும்மா வந்தாங்க?" என்றார். வாய் தானாய் எண்ணியது. அஞ்சுங். நம்ம ஆளை விட்டுவிட்டு எண்ணியது. சேலையில் அவர் ரத்தம் காய்ந்து மொடமொட என்று இருக்கிறது, மூளை வேலை செய்யவில்லை, நாற்பது வருஷம் இலை எண்ணின வாய் தன் பாட்டுக்கு எண்ணிச் சொல்லிவிட்டது. அப்படித்தான் நடந்தது. அப்படித்தானா? ரைட்டர் எழுதினதை ஒருமுறை படித்துக் காட்டினாரே, அஞ்சு நபர்கள் என்று, அப்போது மூளைக்கு எங்கே போச்சு? ஜன்னல் வழியாய்ப் பார்த்தேன், வேப்ப மரத்தடியில் சென்னி தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான், நாலு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கைநாட்டு வைத்தேன். முதல் தரம் சொன்னது பழக்கம். கைநாட்டு வைத்தது யார்?

ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆளாய் ஓடி வந்தவன் அவன். அவரைத் தூக்கினது அவன், ஆஸ்பத்திரிக்கு, சுடுகாட்டுக்கு, எல்லாத்துக்கும் அவன். குவாரிக்கு ஓட்டிக்கொண்டிருந்த டிப்பரை மறு மாசமே விற்றுவிட்டான், ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ரெண்டு வருஷமாய் என் மோட்டாரைப் போடுகிறான், என் மாட்டுக்கு ஊசி போட ஆளைக் கூட்டி வருகிறான், அவன் பெண்டாட்டி முணுமுணுத்தும் என் வீட்டு வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுக்கிறான். இந்த லைசென்சுக்கு ஒன்றரை வருஷம் அலைந்தவன் அவன். தாசில்தார், போலீஸ், டாக்டர் சர்ட்டிபிகேட், முதல் தரம் முடியாது என்று திருப்பியதும் மறுபடியும். எங்கக்காவுக்குத் துப்பாக்கி வேணும், எங்கக்கா உயிரோட இருக்கோணும். இப்படி ஒரு தம்பியைப் பெற்றதுக்கு ஊரில் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். நானும் சில நாள் மறந்துவிடுகிறேன். அவன் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ரசம் ஊற்றுகிறேன். திடீரென்று கரண்டி கையிலேயே நிற்கும். போன மாசம் அரசாங்க வக்கீல் அம்மாவிடம் யாரோ கேட்கிற மாதிரி கேட்டுப் பார்த்தேன், "ஏனுங், இன்னொருத்தன் இருந்தான்னு இப்ப ஞாபகம் வந்தா சொல்லலாமுங்களா?" கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள். "பாட்டி, அஞ்சுன்னு சொன்னீங்க, அஞ்சுன்னே சொல்லுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஆளைக் கூட்டினா, அந்தப் பக்கத்து வக்கீல் உங்களைப் பொய்க்காரின்னு நிறுத்திடுவார். அஞ்சு பேரும் வெளிய போயிடுவாங்க." அஞ்சு என்றால் ஆறாமவன் என் வாசலில் கட்டில் போட்டுப் படுப்பான். ஆறு என்றால் அஞ்சு பேரும் பைக்கில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார்கள். இதுக்கு எத்தனை குண்டு வேணும் பாய், உங்கள் அலமாரியில் பாருங்கள், எட்டுக்கு மேல் இருக்கிறதா.

"எனக்குத் திருகுறதே போதுங், இழுக்குறது ஆகாது" என்று ரிவால்வரைத் தொட்டுக் காட்டினேன். "நல்ல முடிவு" என்று ராவுத்தர் இழுப்பறையைத் திறந்து ஆறு தோட்டாவை எடுத்தார், டம்மியாம், உள்ளே மருந்து கிடையாது, சுடாது. உருளையைத் திறந்து ஒவ்வொன்றாய் என்னையே போடச் சொன்னார். உளுந்துவடைக்கு ஓட்டை போடுகிற விரல் இது, குண்டு போட்டுப் பழகுகிறது. "அந்தச் செவுத்துல கரும்புள்ளி இருக்குல்ல, அதைப் பார்த்து அமுக்குங்க. ஆறையும். வாயைத் திறந்து எண்ணிக்கிட்டே அமுக்கணும், மனசுக்குள்ள இல்லை. பயத்துல எத்தனை போச்சு, எத்தனை மிச்சம்னு தெரியலைன்னா கையில இருக்கிறது வெறும் இரும்பு." சென்னி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். ரெண்டு கையாலும் பிடித்தேன். புள்ளி ஆடுகிறது, நான் ஆடுகிறேனா புள்ளி ஆடுகிறதா. அமுக்க அமுக்க விரலுக்குள் ஒரு கனம் ஏறி ஏறி, சுத்தியல் பின்னால் போய்ப் போய், டக். "ஒண்ணு" என்றேன். சிவப்புத் துண்டு. மறுபடியும் ஏறியது, டக். "ரெண்டு." பல் இல்லாத வாய். இவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள், கோர்ட்டு வாசலில் பார்த்தேன், கையில் டிபன் கேரியர். டக். "மூணு." டக். "நாலு." அண்ணன் தம்பி, யார் மூன்று யார் நாலு, தெரியவில்லை, ஒரே முகம். டக். "அஞ்சு." சின்னப் பையன், வரப்பில் விழுந்து எழுந்தபோது என்னைப் பார்த்தானே, அம்மாவைப் பார்க்கிற மாதிரி பார்த்தானே. விரல் நின்றுவிட்டது. புள்ளி மட்டும் இருக்கிறது. சைக்கிள் கடையில் காற்றடிக்கிற சத்தம், உஸ், உஸ். "இன்னும் ஒண்ணு இருக்கும்மா" என்றார் ராவுத்தர். எனக்குக் கேட்கிறது. விரல் கேட்கவில்லை. "அஞ்சு போதுங்க பாய்" என்றான் சென்னி. மெதுவாய்த்தான் சொன்னான். "அக்காவுக்குக் கை வலிக்கும். அஞ்சோட உடுங்." ராவுத்தர் சிரித்தார். "அதெப்படித் தம்பி, ஆறு போட்டு அஞ்சோட நிறுத்துனா ஒண்ணு உள்ளயே இருக்குமே. அதான் ஆளைக் கொல்லும். காலின்னு நெனச்சு மேசையில வெச்சுட்டுப் போவாங்க." நான் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கீழே இறக்கினேன். மேசைக்கு அடியில் அவன் கால் தெரிந்தது. வலது செருப்பைக் கழற்றிவிட்டிருந்தான். குதிகால் இடது கெண்டைக்காலில் மேலும் கீழும், மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. டக். "ஆறு" என்றேன். ராவுத்தருக்குச் சொல்லவில்லை.

ராவுத்தர் கடைப் பதிவுப் புத்தகத்தையும் என் லைசென்சையும் எடுத்துக்கொண்டு நிஜத் தோட்டா எடுக்க உள்ளறைக்குப் போனார், இரும்புக் கதவு திறக்கிற சத்தம் நீளமாய் வந்தது. சென்னி கீழேயே பார்த்துக்கொண்டு, "எப்பருந்துக்கா?" என்றான். எதை என்று நான் கேட்கவில்லை. "அன்னைக்கிருந்தே." அவன் தலையை ஆட்டினான், ரொம்ப நேரம் ஆட்டினான், யாரோ கடனே என்று ஆட்டிவிடுகிற மாதிரி. "மெரட்டிட்டு வந்துருவோம்னாங்க. மாமா எந்தக் காட்டுல இருப்பாரு, எந்த வாய்க்கா மேல போகோணும்னு காட்டுன்னாங்க. அருவா இருந்தது எனக்குத் தெரியாதுக்கா." "தெரிஞ்சதுக்கப்புறம்?" "கால் வரலீக்கா." வாய் விட்டு அழுதிருந்தால் நான் ஒருவேளை தொட்டிருப்பேன், முதுகில் கை வைத்திருப்பேன், அழவில்லை, நல்லவேளை. "பின்ன என்னத்துக்குடா எனக்குத் துப்பாக்கி வாங்கித் தர்றே?" "நீ இருக்கோணும்." அவ்வளவுதான் சொன்னான். அதில் பொய் இல்லை, அதுதான் என்னைக் கொல்கிறது, ஒரு துளி பொய் இருந்தால் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பேன். "வக்கீலம்மாகிட்டப் போன மாசமே கேட்டுட்டேன். நாஞ் சொன்னா கேசு ஒடையும்" என்றேன். "நீயாப் போய்ச் சொன்னா ஒடையாது." "சொன்னா என்னைய உட மாட்டாங்கக்கா." "உட மாட்டாங்க." இல்லை சாமி, அப்படியெல்லாம் ஆகாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. நாற்பது வருஷம் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், கிணற்றுக்குள் பேய் இருக்கிறது என்று அழுதபோதும், பத்தாவதில் தோற்றபோதும், டிப்பர் தவணை கட்ட முடியாதபோதும். இன்றைக்கு வரவில்லை. "திங்கக்கெழம எத்தனை பேருன்னு கேப்பாங்க. அதுக்குள்ள நீ போயிருந்தா நான் அஞ்சும்பேன், ஆறாவது நீயே சொல்லியிருப்பே. போகலைன்னா நான் ஆறும்பேன். ஒடஞ்சா ஒடையட்டும்." சொல்லிவிட்டேன். ராவுத்தர் வந்துவிட்டார். துப்பாக்கியை ஒரு பெட்டியில் வைத்து, தோட்டாவைத் தனிப் பொட்டலமாய்க் கட்டி, "ரெண்டையும் சேர்த்து வெச்சுக்கிட்டு ரோட்டுல போகாதீங்க, ஊட்டுக்குப் போய்ப் போட்டுக்குங்க" என்றார். "வண்டிய எடுத்துட்டு வர்றேன்" என்று சென்னி செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

வாசல்படியில் நிற்கிறேன். பெட்டி ஒரு கையில், பொட்டலம் ஒரு கையில். வருவானா. பஸ் ஏறிப் போயிருப்பான், கேரளாவோ எங்கேயோ, போகட்டும் என்று ஒரு மனசு, ஐயோ போயிட்டானே என்று ஒரு மனசு, ரெண்டும் என்னுடையதுதான். சைக்கிள் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், எங்கே குமிழி வருகிறது என்று. "உக்காருங்கம்மா, தம்பி பார்க்கிங்குலருந்து வரணும்ல" என்கிறார் ராவுத்தர் உள்ளேயிருந்து. அவருக்குக் கண்ணுதான் மங்கல், காதுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் கேட்டிருப்பார். ஒன்றும் கேட்காதவர் மாதிரி பச்சைத் துணியை மடிக்கிறார். கார் வருகிறது. சந்து முனையில் திரும்பும்போதே கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் தெரிகிறது, சின்னதாய், கழுவின மாதிரி. வந்து நிற்கிறது. முன்கதவைத் திறந்துவிட்டான். நான் பின்கதவைத் திறந்து ஏறினேன். அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். "முன்னால வாக்கா" என்றான். "இருக்கட்டும்." பெட்டியை மடியில் வைத்தேன், பொட்டலத்தைப் பக்கத்தில், நடுவில் என் கை. அவன் பின்கழுத்தில் வேர்த்திருக்கிறது. மஞ்சள் கயிறு ஒன்று, எந்தக் கோயில் கயிறோ, நிறம் போய்க் கிடக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் கழுத்தைத்தான் தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பேன், கூச்சத்தில் கத்துவான். வண்டி சந்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, பெரிய ரோட்டுச் சிக்னலில் வந்து நின்றது. இடது பக்கம் போனால் எங்கள் ஊர். வலது பக்கம் கோர்ட்டு, போலீஸ் பெரிய ஆபீஸ், வக்கீல்கள் போர்டு. பச்சை விழுந்துவிட்டது. அவன் கை ஸ்டியரிங் மேலேயே இருக்கிறது, கண்ணாடியில் என்னைப் பார்க்கிறான். "எங்கக்கா போகட்டும்?" என்று கேட்கிறான். எட்டு வயசில் கேட்கிற குரல்தான். இந்த ரோட்டில் முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் என்னிடம் வழி கேட்கிறான். இடது என்று ஒரு வார்த்தை என் வாயில் உருண்டுகொண்டே இருக்கிறது, நாக்கை மடக்கி அதை அங்கேயே பிடித்து வைத்திருக்கிறேன். பின்னால் பஸ்காரன் ஆரன் அடிக்கிறான், அதுக்குப் பின்னால் இன்னொருத்தன். அடிக்கட்டும். இந்தத் தரம் நான் சொல்ல மாட்டேன்.